பச்சைப் புள்ளி

காந்திமதிநாதன் மூன்றாவது நாளாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது வயது நிறைந்தது. ஹோமம் முடிந்து, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த கூடத்தில், மருமகள் எப்சி தன் கையால் செய்த அன்னாசிக் கேக்கை அவர் வெட்டினார். இரண்டாவது துண்டைத் தானே கேட்டு வாங்கினார். "பாளையங்கோட்டைப் பிள்ளை கைக்கு ஒரு பக்குவம் இருக்குவே" என்று தம்பி நெல்லைநாயகத்திடம் சொன்னபோது அவர் மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம்தான் மகள் ராஜராஜேஸ்வரி எப்சியின் மாடியறையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துவந்து எல்லோர் நடுவிலும் வைத்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் மெழுகு போன்ற பசை. கேக் மாவு பஞ்சுபோல எழும்புவதற்குச் சேர்க்கும் ஜெல்.

"இதுல நானூத்தி எழுபத்தொண்ணுன்னு நம்பர் போட்ட ஒரு சாமான் இருக்குப்பா. மாட்டுக் கொழுப்பு, பன்னிக் கொழுப்புல இருந்தும் அதை எடுக்காங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். சொன்னவள் மனையியல் பேராசிரியை. காந்திமதிநாதன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டார். சிவதீட்சை வாங்கியவர், வெங்காயம் நறுக்கிய கத்தியால் வாழைக்காயை நறுக்கினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் வயிற்றுக்குள் போனதெல்லாம் துளசித் தண்ணீர்தான்.

இன்று தாமிரபரணியில் முங்கிப் பிராயச்சித்தம் செய்துகொண்ட பிறகே சோறு என்று குருக்கள் சொல்லியிருந்தார். ஊருக்குப் போன உறவுக்காரர்கள் பாதிப் பேர் அதற்காகத் திரும்பி வந்திருந்தார்கள்.

எப்சி கஞ்சித் தம்ளரோடு மாமனாரின் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, உங்களுக்குச் சுகர் இருக்கு. ரெண்டு மடக்காவது குடிங்க."

"அங்கன வையி" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

அவள் வைக்கவில்லை. இன்னொரு கையில் இருந்த டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இங்க பாருங்க மாமா. பச்சைப் புள்ளி. இது சைவம்னு சட்டப்படி போட்டிருக்கிற அடையாளம். உங்களுக்காகத்தான் நான் முட்டையையே விட்டேன். முட்டையில்லாம மாவு எழும்பணும்னுதான் இந்த ஜெல்லு. உங்களுக்குப் போயி நான் அப்படிச் செய்வேனா?"

கிழவரின் முகம் லேசாகத் திரும்பியது. சமீபத்தில் புரை எடுத்த கண்கள். புள்ளி அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவள் குரல் உடைந்தது தெரிந்தது.

"ராஜி!" என்று கூப்பிட்டார். "நீ படிச்சவ. பார்த்துச் சொல்லு. புள்ளி இருக்கா?"

ராஜராஜேஸ்வரி வந்து டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இருக்குப்பா."

"அப்போ?"

"புள்ளியை நானா வச்சேன்? கம்பெனிக்காரன் அச்சடிக்கான். நானூத்தி எழுபத்தொண்ணு செடியில இருந்தும் வரும், பிராணியில இருந்தும் வரும். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. அவன் எதுல எடுத்தான்னு நான் போய்ப் பார்த்தேனா?"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

காந்திமதிநாதன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜராஜேஸ்வரி எப்சியின் கையிலிருந்து தம்ளரைப் பைய வாங்கி, அடுக்களைக்குப் போய், கஞ்சியைத் தொட்டியில் கொட்டினாள். தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள், மற்ற பாத்திரங்களோடு சேராமல்.

மாடியில் எப்சியின் கணவன் கணேஷ்ராம் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். மின்வாரிய அலுவலகத்துக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

"ஒரே ஒரு வார்த்தை எப்சி. தெரியாம வாங்கிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஆத்தங்கரையில எல்லார் முன்னாடியும் சொல்லிரு. அப்பா முங்கிட்டு வந்து சாப்பிட்டுருவார். விஷயம் முடிஞ்சுரும்."

"தெரியாம வாங்கலையே. பார்த்துத்தானே வாங்கினேன்."

"நான் இப்ப அதைப் பத்திப் பேசல. அப்பா உசிரைப் பத்திப் பேசுதேன்."

"நீங்க நம்புதியளா? உங்கப்பாவுக்கு நான் மாட்டுக் கொழுப்பைக் குடுத்தேன்னு?"

"சே, நான் நம்புவனா?"

"அப்போ கீழ போய் அதைச் சொல்லுங்க."

சீப்பு ஒரு கணம் நின்றது. "இப்ப வேண்டாம். எல்லாரும் வந்திருக்காங்க. நாலு நாள் கழிச்சு நானே அப்பாகிட்டப் பைய எடுத்துச் சொல்லுதேன்."

திருமணமான இந்த இரண்டு வருஷத்தில் எப்சி இதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். நாலு நாள் கழித்து. பைய. அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு ஜுரம் வந்தால் ராத்திரியெல்லாம் முழித்திருப்பான். ஆனால் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான்.

அவன் இறங்கிப் போனதும் அவள் அஸீலாவுக்குப் போன் போட்டாள்.

அஸீலா காயல்பட்டினத்தில் கேக் சாமான்கள் விற்கும் கடை வைத்திருப்பவள். ஜெல், எசன்ஸ், சாக்லேட் எல்லாம் எப்சிக்கு அங்கிருந்துதான் பஸ்ஸில் வரும். அழுகைக்கு நடுவே எப்சி சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, "பன்னின்னா சொன்னாங்க?" என்றாள் அஸீலா. "அடி என் அல்லாவே! என் கடையில வாங்கின சாமான்லயா?"

"மாடுன்னும் சொன்னாங்க."

"இங்க பாரு எப்சி. இந்தச் சாமானை விக்க ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே நான் கம்பெனிக்காரனை உலுக்கி எடுத்துட்டேன். எங்க ஊருல ஒருத்தர் ஹராம்னு வாயைத் திறந்தாப் போதும், கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பாமாயில்ல இருந்து எடுக்கது. வேற எதுவும் இல்ல."

"நீ சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"நம்ம ரெண்டு பேரையும் விடு. அதைச் செய்யுத ஆளையே பேச வைக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல போன் வரும். நீ எங்க இருந்தாலும் எடு. உங்க மாமா காதுல வை."

கீழே அடுக்களையில் ராஜராஜேஸ்வரி ஆற்றங்கரைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விபூதிச் சம்புடம், மாற்று வேட்டி, துண்டு, பிளாஸ்கில் சூடாகப் பால்.

அப்பாவுக்குப் பசி தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அவரை ஒருமுறை பட்டினி கிடக்கப் பார்த்திருக்கிறாள். அப்போது அவள் முதுகலை இரண்டாம் வருஷம். கூடப் படித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு சாதிப் பையன். காந்திமதிநாதன் கத்தவில்லை, அடிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். அந்த அறையில்தான், அந்தச் சுவரைப் பார்த்துத்தான், படுத்தார். நாலாவது நாள் அம்மா வந்து மகளின் காலில் விழுந்தாள். ராஜராஜேஸ்வரி சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய், "சாப்பிடுங்கப்பா, நீங்க சொல்லுத மாப்பிள்ளையையே கட்டிக்கிடுதேன்" என்றாள். சாப்பிட்டார். அந்த மாப்பிள்ளை ஐந்து வருஷத்தில் குடித்து ஈரல் வெந்து செத்தான். அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். அம்மாவும் போன பிறகு, பத்து வருஷமாக அப்பாவுக்குப் பொங்கிப் போட்டாள்.

பிறகு கணேஷ் வந்து, "ஒரு கிறிஸ்தவப் பிள்ளை" என்று இழுத்தான். ராஜராஜேஸ்வரி அப்பாவின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடிக்கவில்லை. ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே, "பிள்ளை என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

நானூற்று எழுபத்தொன்று என்ற அந்த நம்பரைப் பற்றி அவள் வருஷாவருஷம் பாடம் எடுப்பவள். பச்சைப் புள்ளிக்கு என்ன பொருள் என்று பரீட்சையில் கேள்வியே கேட்டிருக்கிறாள். டப்பாவை எடுத்த அன்றைக்கே புள்ளி அவள் கண்ணில் பட்டது. பட்ட பிறகுதான் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள்.

பட்டினி கிடக்கட்டும். ஒன்றுமில்லாத காரணத்துக்கு ஒருமுறை கிடக்கட்டும்.

பிளாஸ்கின் மூடியை இறுக்கித் திருகினாள்.

குறுக்குத்துறைப் படித்துறையில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மேல்படியில் சமுக்காளம் விரித்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எப்சியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் குழந்தையின் கையில் எப்சி போன மாதம் வாங்கிக் கொடுத்திருந்த வளையலை முந்தானையால் மூடினாள்.

கணேஷ்ராமும் ராஜராஜேஸ்வரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காந்திமதிநாதனைக் கடைசிப் படிக்கு இறக்கினார்கள். அவர் உதடு வெளுத்திருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் அவர் நின்றபோது எப்சியின் கையில் போன் அடித்தது.

அவள் படிகளில் இறங்கி ஓடினாள். புடவை நனைவதைப் பார்க்கவில்லை.

"மாமா, இதைச் செய்யுத கம்பெனியில இருந்து பேசுதாங்க. கேளுங்க. ஒரே நிமிஷம்."

ஒலிபெருக்கியை அமுக்கி அவர் முகத்தருகே பிடித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மேல்படிக்குக் கேட்கவில்லை. கீழே இருந்த நாலு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, வணக்கம். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கேன். எங்க ஜெல்லில் சேர்க்கிற 471 முழுக்கப் பாமாயிலில் இருந்து எடுக்கிறது. விலங்குக் கொழுப்பு எங்க ஆலைக்குள்ளயே வராது. நீங்க தாராளமாச் சாப்பிடலாம். சைவம்தான்."

காந்திமதிநாதன் மகளைப் பார்த்தார்.

"உனக்கு இது தெரியுமா?"

"புள்ளிக்கு என்ன அர்த்தம்னு தெரியும்" என்றாள் ராஜராஜேஸ்வரி.

"எப்போ இருந்து?"

"டப்பாவை எடுத்த அன்னைக்கே."

எப்சிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில். முடிந்தது. மாமா இப்போது மேலே திரும்பிச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்தக் கம்பீரம் உண்டு. பதிவுத்துறையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஒருவர் காசுக்கும் கை நீட்டாதவர்.

"போனை அணைச்சிரு" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

அணைத்தாள்.

"கேட்டுக்கோம்மா. விஷயம் தெரிஞ்சு போச்சு. எனக்கு உன் மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா மேல இத்தனை பேர் இருக்காங்க. தாலியறுத்தவ, வாத்தியார் வேலை பாக்கவ, இவளை நான் பொய்க்காரின்னு ஊர் முன்னாடி நிறுத்த முடியுமா? நீ வெளிய இருந்து வந்தவ. தெரியாமச் செஞ்சிட்டான்னு சொன்னா யாரும் பெருசா எடுத்துக்கிட மாட்டாங்க. இது உன்னோட போகட்டும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எப்சிக்குத் தாங்கவில்லை.

"முடியாது மாமா."

"எப்சி..." என்றான் கணேஷ்ராம்.

அவள் படியேறினாள். நெல்லைநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். "சித்தப்பா, அது கொழுப்பு இல்ல. பாமாயில். கம்பெனிக்காரரே இப்பப் போன்ல சொன்னார். மாமா கேட்டாங்க."

சமுக்காளத்தில் சலசலப்பு. நெல்லைநாயகம் எழுந்து படி விளிம்புக்கு வந்தார். "அப்படியா அண்ணாச்சி? போன்ல சொன்னாங்களா?"

காந்திமதிநாதன் ஆற்றைப் பார்த்தார். "தண்ணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"ஏலே கணேஷ், உனக்கு?"

கணேஷ்ராம் மனைவியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மேல்படியில் வரிசையாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தான்.

"சரியாக் கேக்கல சித்தப்பா" என்றான்.

சமுக்காளத்தில் ஒரு பெண் சிரித்தாள். "செஞ்சதும் செஞ்சிட்டு, பெரியவரைப் பொய்யாக்கப் பாக்காளே." இன்னொருத்தி, "அவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றாள். எப்சி படியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேட்டுச்சு."

ராஜராஜேஸ்வரியின் குரல். வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரல்.

"பாமாயில்னுதான் சொன்னாங்க. அப்பாவுக்கும் கேட்டுச்சு, கணேஷுக்கும் கேட்டுச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும் சித்தப்பா. இன்னொண்ணும் சொல்லட்டா? அப்பா தினம் சோத்துல ஊத்திக்கிடுத நல்லெண்ணெயும் வயித்துக்குள்ள போயி இதே சாமானாத்தான் உடையுது. எழுபது வருஷமா அது அவர் குடல்லதான் இருக்கு. வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கேன்."

மேல்படியில் குருக்கள் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார்.

காந்திமதிநாதன் மகளையே பார்த்தார். அவள் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை. இருபது வருஷமாகக் காத்திருந்தவளின் அமைதி.

"பட்டினி எப்படி இருக்குப்பா?" என்று கேட்டாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மேல்படியிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எப்சி புரிந்துகொண்டாள். ராஜராஜேஸ்வரி உண்மையைச் சொன்னது தனக்காக இல்லை. தன்னைக் கையில் எடுத்துத்தான் இவள் அப்பாவை அடித்திருக்கிறாள். அடித்து முடிந்ததும் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி" என்றார் நெல்லைநாயகம், தயங்கி. "அப்போ இந்தப் பிராயச்சித்தம் என்னத்துக்கு? மேல வாங்க. வீட்டுக்குப் போவோம்."

எல்லாக் கண்களும் கிழவர் மேல் இருந்தன. முழங்கால் தண்ணீரில், விலா எலும்பு தெரிய, அவர் நின்றார். எல்லோர் முன்னாலும் பொய் சொல்லி அகப்பட்டு நின்றது அவர் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அவர் தலை குனியவில்லை. நிமிர்ந்தது.

"கொழுப்பு இல்லேன்னா என்னவே?" என்றார். "அவ கை பட்டது இல்லையா? ரெண்டு வருஷம் வேற மதத்துக்காரி கையால தின்னுருக்கேன். அதுக்குச் சேர்த்துத்தான் முங்குதேன்."

சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார்.

ராஜராஜேஸ்வரியின் முகம் முதல்முறையாக மாறியது. அவள் இதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் போவார் என்று அவள்கூட நினைத்திருக்கவில்லை.

எப்சி அழவில்லை. காலையிலிருந்து அழுததெல்லாம் எங்கோ வற்றிப்போயிருந்தது. அந்த மனிதருக்குக் காலில் புண் வந்தபோது அவள்தான் தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். அப்போதெல்லாம் அவள் கை அவருக்கு வெறும் கையாகத்தான் இருந்தது. அவள் திரும்பி நடந்தாள். சமுக்காளத்துப் பெண்கள் வழி விட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கி.

"எப்சி, நில்லு!" கணேஷ்ராம் நாலு படி ஏறி வந்துவிட்டான். தோளில் அப்பாவின் துண்டு. கண்கள் சிவந்திருந்தன. கீழே காந்திமதிநாதன் மூன்றாவது முறை முங்கி எழுந்து, குளிரில் வெடவெடத்துக்கொண்டு, கையை நீட்டியபடி நின்றார்.

"ஒரு நிமிஷம் நில்லு. அப்பாவைத் துவட்டிட்டு வந்திருதேன்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தான்.

"துவட்டுங்க" என்றாள்.

ரோட்டில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், எங்கே போவது என்று யோசித்தாள். பாளையங்கோட்டையில் அவள் அப்பா வேதநாயகம் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார், சபை மூப்பர். அவள் திருநீறு பூசுகிற வீட்டுக்குப் போன அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர். அந்த வாசலில் நின்று என்ன சொல்வது? உங்களுக்குப் பிடிக்காமல் யாருக்காகப் போனேனோ அவர்களுக்கு என் கை தீட்டாம் என்றா?

"எங்கனம்மா போகணும்?" என்றான் டிரைவர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி மறுபக்கம் சாய்ந்தது. ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொண்டிருக்க, மூச்சு வாங்கியபடி, ராஜராஜேஸ்வரி ஏறிக்கொண்டிருந்தாள். கையில் பை இல்லை, செருப்பும் இல்லை.

"என்னை இனிமே அந்த வீட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்றாள். "தள்ளி உக்காரு."

எப்சி நகரவில்லை.